வீடியோ திருச்சூரில், கடை பாம்பனில்: வழக்கை எங்கே போடுவது?

பாம்பனிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். நானும் என் தம்பியும் கருவாட்டு வியாபாரம் செய்கிறோம். கடை என் பெயரில் இருக்கிறது. நெத்திலி, சூடை, வாளை எல்லாம் காயப்போட்டுப் பையில் அடைத்துக் கேரளாவுக்கு அனுப்புகிறோம். திருச்சூர் பக்கத்து மொத்த வியாபாரி ஒருவர் சில வருஷமாக எங்களிடம் சரக்கு எடுத்தார். பாக்கிப் பணத்தைக் கேட்டதில் மனஸ்தாபம் வந்துவிட்டது. போன ஓணத்துக்கு முந்தின வாரம், எங்கள் கடைப் பெயர் அச்சடித்த பையைக் கையில் தூக்கிக் காட்டி, இதில் பார்மலின் (பிணம் கெடாமல் இருக்கப் போடும் ரசாயனம்) கலந்திருக்கிறது, இவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று மலையாளத்தில் பேசி பேஸ்புக்கிலும் யூடியூபிலும் வீடியோ போட்டார். அப்புறம் யாரோ அதையே தமிழில் பேசி வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள். அது மண்டபம், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் முழுக்கச் சுற்றியது. ஆர்டர் பாதியாகிவிட்டது. வழக்குப் போட்டால் திருச்சூருக்குத்தான் போகணும் என்கிறார் ஒரு வக்கீல். சென்னை ஹைகோர்ட்டில் போட்டால் வெயிட்டாக இருக்கும் என்கிறார் இன்னொருவர். எந்த மாநிலத்தில் காலம் கூடுதலோ அங்கே போடலாம் என்று நெட்டில் படித்ததாக பெங்களூரில் இருக்கும் அக்கா மகன் சொல்கிறான். கிரிமினல் கேஸ் போட்டு அந்த ஆளை ராமநாதபுரத்துக்கு அலையவிடு என்கிறார் மாமா. நாங்கள் எங்கே போடுவது? பதிலுக்கு நாங்களும் வீடியோ போடலாமா?"

சகோதரி, அக்கா மகன் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். ஏனென்றால் உங்கள் விஷயத்தில் இடத்தைவிடக் காலம்தான் நெருக்கடியாக இருக்கிறது. அவர் படித்தது அமெரிக்க விவகாரமாக இருக்கும். அங்கே அவதூறு வழக்குக்கான காலவரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூயார்க்கில் குடியிருந்த ஒரு பெண், ஒஹையோ மாநிலத்துப் பத்திரிகை நிறுவனம் ஒன்றின் மீது வழக்குப் போடப் போனபோது ஒஹையோவில் காலம் கடந்திருந்தது. நியூ ஹாம்ப்ஷயரில் அப்போது ஆறு வருஷம் அவகாசம் இருந்ததால் அங்கே போய்ப் போட்டார். பத்திரிகை அந்த மாநிலத்திலும் தொடர்ந்து விற்கிறது, ஆகவே வழக்கு செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984-இல் சொன்னது. நம் ஊரில் அந்த வித்தை பலிக்காது. 1963-ஆம் வருஷத்துக் காலவரம்புச் சட்டம் நாடு முழுக்க ஒன்றுதான். எழுத்து வழி அவதூறானாலும் வாய்மொழி அவதூறானாலும் நஷ்டஈடு கேட்க ஒரே வருஷம். பாம்பனிலும் ஒரு வருஷம், திருச்சூரிலும் ஒரு வருஷம்.

அந்த வருஷம் எப்போது தொடங்குகிறது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வீடியோ இன்றைக்கும் அங்கேயே கிடக்கிறதே, தினமும் யாராவது பார்க்கிறார்களே, அப்படியானால் தினமும் புதுக் கணக்குத்தானே என்று கேட்பார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் 2013-இல் ஒரு பேஸ்புக் வழக்கில் இதை ஏற்கவில்லை. முதலில் வெளியிட்ட நாளிலிருந்துதான் கணக்கு, சும்மா அங்கே கிடப்பது புது வெளியீடு ஆகாது என்றது. டெல்லித் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டாயம் கட்டுப்படுத்தாது. ஆனாலும் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தூக்கிக் காட்டப்போவது அதைத்தான். ஆகவே பேஸ்புக்கில் அந்த வீடியோவுக்குக் கீழே இருக்கும் தேதியைப் பாருங்கள், யூடியூபில் உள்ள தேதியையும் பாருங்கள். இரண்டில் எது முந்தியதோ அதிலிருந்து ஒரு வருஷம் எண்ணுங்கள்.

இப்போது மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் நிற்கிறது. ஜூன் 14 தாண்டினால் உங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. மே மாதம் உரிமையியல் நீதிமன்றங்களுக்கும் கோடை விடுமுறை. இந்த இடைவெளியில் காகிதங்களைத் தயார் செய்துவிட்டு, நீதிமன்றம் திறந்ததும் தாக்கல் செய்துவிடுங்கள். ஓணம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நோட்டீஸ் அனுப்பினால் காலம் நிற்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நோட்டீஸ் அனுப்பலாம், அனுப்புவது நல்லதும்கூட. அதனால் ஒரு நாள்கூட நீளாது.

சரி, இடத்துக்கு வருவோம். திருச்சூருக்குத்தான் போக வேண்டும் என்று சொன்னவர் பாதிதான் சொல்லியிருக்கிறார். 1908-ஆம் வருஷத்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு உங்களுக்காகவே எழுதியது போல இருக்கும். ஆளுக்கு இழைத்த தீங்குக்கு நஷ்டஈடு கேட்கும்போது, தீங்கு நடந்த இடம் ஒன்றாகவும் பிரதிவாதி குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடம் வேறாகவும் இருந்தால், இரண்டில் எங்கே போடுவது என்பது வாதியின் விருப்பம். அந்தப் பிரிவிலேயே ஒரு உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். டெல்லியில் இருப்பவர் கல்கத்தாவில் ஒருவரைப் பற்றி அவதூறு வெளியிட்டால், பாதிக்கப்பட்டவர் கல்கத்தாவிலும் வழக்குப் போடலாம், டெல்லியிலும் போடலாம். இன்டர்நெட் வருவதற்கு வெகுகாலம் முன்பே எழுதிய உதாரணம், இன்னும் வேலை செய்கிறது.

அப்படியானால் உங்கள் தீங்கு எங்கே நடந்தது? திருச்சூரில் உட்கார்ந்து பேசினார், அது அவர் இடம். அவதூறு என்பது பேசியதோடு முடிவதில்லை. மூன்றாம் ஆள் ஒருவர் அதைக் கேட்டுப் புரிந்துகொண்டு, உங்களைப் பற்றிய மதிப்பை இறக்கிக்கொள்ளும்போதுதான் அது முழுமையாகிறது. அந்த மூன்றாம் ஆள் பாம்பனில் இருந்தால் தீங்கு பாம்பனில் நடந்தது. மண்டபத்தில் இருந்தாலும் ராமநாதபுரம் மாவட்டம்தான். ஆக, உங்கள் ஊரிலேயே போடலாம்.

ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. அதை யாரும் உங்களுக்குச் சொன்னதாகக் கடிதத்தில் தெரியவில்லை. வீடியோ மலையாளத்தில் இருக்கிறது. "பாம்பனிலும் அந்த வீடியோவைத் திறந்து பார்க்க முடியும்" என்று மட்டும் மனுவில் எழுதினால் போதாது. இணையத்தில் போட்டது எங்கேயும்தான் திறக்கும். திறக்க முடியும் என்பது மட்டும் ஓர் ஊர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்துவிடாது என்று வணிகப் பெயர் சம்பந்தமான ஒரு வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2009-லேயே சொல்லிவிட்டது. அவதூறு வழக்குகளிலும் எதிர்த்தரப்பு அதை இழுத்து வரும். ஆகவே இந்த மாவட்டத்தில் யார் பார்த்தார்கள், எப்போது பார்த்தார்கள், அவர்களுக்கு மலையாளம் புரியுமா என்பதைப் பெயர் சொல்லி எழுத வேண்டும்.

அது ஒன்றும் கஷ்டமான வேலை இல்லை. நம் கரையில் கேரளாவோடு வியாபாரம் பேசுகிறவர்களுக்குப் பஞ்சமா? கொல்லத்திலும் கொச்சியிலும் படகில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். நண்டுக் கம்பெனிக்காரர், கணவாய் ஏற்றிவிடுகிறவர், லாரி புக்கிங் ஆபீஸ்காரர் என்று மலையாளம் நன்றாகப் புரிகிற, உங்கள் சொந்தக்காரராக இல்லாத இரண்டு பேர் போதும். "நான் தங்கச்சிமடத்தில் என் போனில் இதைப் பார்த்தேன், பார்த்த பிறகு இவர்கள் சரக்கை எடுக்கத் தயங்கினேன்" என்று கூண்டில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். நீங்கள் பார்த்தது கணக்கில் வராது. உங்களைப் பற்றிச் சொன்னதை நீங்களே கேட்பது வெளியீடு ஆகாது.

மனுவில் அவர் பேசிய வார்த்தைகளை மலையாளத்தில் உள்ளபடியே எழுதி, பக்கத்தில் தமிழாக்கம் கொடுக்க வேண்டும். "எங்களைக் கேவலமாகப் பேசினார்" என்று பொதுவாக எழுதிய மனுக்கள் முதல் சுற்றிலேயே தடுமாறும். எந்த வார்த்தை, எத்தனையாவது நிமிஷத்தில், எதைக் காட்டிக்கொண்டு சொன்னார் என்பதெல்லாம் வேண்டும். பையில் கடைப் பெயர் தெரிவது உங்களுக்குப் பெரிய பலம். "ராமேஸ்வரத்துக் கருவாடு வாங்காதீர்கள்" என்று பொத்தாம் பொதுவாகப் பேசியிருந்தால், அது உங்களைத்தான் குறிக்கிறது என்று நிரூபிப்பதற்கே தனியாகப் போராட வேண்டியிருக்கும்.

தமிழ் வாட்ஸ்அப் குரல்பதிவு வேறு கதை. அதைப் பேசியவர் யார் என்று தெரியாது. அந்த ஆள் வேறு, அது வெளியான நாளும் வேறு. அந்தக் குரலையும் திருச்சூர்க்காரர் தலையில் கட்டிவிடலாம் என்று நினைப்பீர்கள், அவர் சொல்லித்தான் செய்தார்கள் என்பதற்கு ஆதாரமில்லாமல் அப்படிச் செய்தால் உங்கள் வழக்கின் வலுவான பகுதியும் சேர்ந்து நொண்டும். அவர் வீடியோவால் எப்படியெல்லாம் பேச்சுப் பரவியது என்று காட்ட அந்தக் குரல்பதிவு உதவலாம், அந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள். அதை குரூப்பில் பார்வர்டு செய்த உள்ளூர்ப் பையன்கள் மீது வழக்குப் போடலாமா என்றால், சட்டப்படி பார்வர்டு செய்தவரும் வெளியிட்டவர்தான். உள்ளூர்க்காரர் ஒருவரைப் பிரதிவாதியாகச் சேர்த்தால் அதிகார வரம்புக் கேள்வி எழாது என்று சில வக்கீல்கள் ஆசை காட்டுவார்கள். நான் செய்யமாட்டேன். நாளைக்கு உங்களுக்காகச் சாட்சி சொல்லக்கூடிய பையனை இன்றைக்கு எதிரியாக்கிக்கொள்வதில் என்ன லாபம்?

இன்னொருவர் சொன்ன சென்னை யோசனையை இங்கேயே முடித்துவிடுகிறேன். சென்னை உயர் நீதிமன்றம் நேரடியாக வழக்கு எடுப்பது சென்னை நகர எல்லைக்குள் வருகிற, பெரிய தொகை வழக்குகளைத்தான். வழக்குக்குக் காரணமான சம்பவத்தில் ஒரு பகுதியாவது அங்கே நடந்திருக்க வேண்டும், அதற்கும் முன் அனுமதி வாங்க வேண்டும். மதுரைக் கிளைக்கு அந்த நேரடி உரிமையியல் அதிகாரமே கிடையாது. பேஸ்புக், கூகுள் அலுவலகம் எங்கே இருக்கிறதோ அங்கே போடலாம் என்றும் யாராவது கிளம்புவார்கள். வீடியோவை நீக்கும் உத்தரவுக்காக அந்த நிறுவனங்களைப் பிரதிவாதியாகச் சேர்க்கத்தான் வேண்டும். அதற்காக உங்கள் வழக்கு அவர்கள் ஊருக்குப் போக வேண்டியதில்லை.

ஆக, மிஞ்சுவது இரண்டு இடம். ராமநாதபுரம் மாவட்டம் அல்லது திருச்சூர். உங்கள் மாவட்டத்துக்குள் ராமேஸ்வரமா, ராமநாதபுரமா என்பது நீங்கள் கேட்கும் தொகையைப் பொறுத்தது. அந்தத் தொகையை விசாரிக்கும் அதிகாரம் உள்ள கீழ்நிலை நீதிமன்றத்தில்தான் தொடங்க வேண்டும் என்கிறது சட்டம். தொகை குறைவானால் ராமேஸ்வரம் மாவட்ட உரிமையியல் நீதிமன்றம், கூடினால் ராமநாதபுரம் சார்பு நீதிமன்றம். இதில் உங்கள் விருப்பத்துக்கு இடமில்லை.

தொகை பற்றி ஒரு வார்த்தை. வக்கீல் நோட்டீஸ் என்றாலே "ஒரு கோடி தர வேண்டும்" என்று எழுதுவது ஒரு பழக்கமாகிவிட்டது. நோட்டீஸுக்குக் காசு இல்லை, வழக்குக்கு உண்டு. தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் 2017-இல் ஏழரை சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது. ஒரு கோடி கேட்டால் 3 லட்சம் கட்ட வேண்டும். 5 லட்சம் கேட்டால் 15,000 ரூபாய். கேரளத்தில் படிநிலைக் கட்டணம், உங்களைப் போன்றவர்கள் கேட்கும் தொகைக்கு இங்கே உள்ளதைவிடக் கூடுதலாக வரும். குறைந்துபோன ஆர்டர், திரும்பி வந்த சரக்கு ஆகியவற்றைப் பில்லோடு கணக்குப் பார்த்து, அதோடு மானத்துக்கு நியாயமான ஒரு தொகையைச் சேர்த்துக் கேளுங்கள். நடுவில் சமரசம் ஆனால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கவும் வழியுண்டு. நீதிமன்றம் அனுப்பிய சமரசத்துக்கு மட்டுமில்லை, இரு தரப்பும் வெளியே தாங்களாகவே பேசி முடித்தாலும் அது பொருந்தும் என்று தமிழ்நாட்டுச் சட்டத்தை வைத்தே உச்ச நீதிமன்றம் 2021-இல் சொல்லியிருக்கிறது.

என் கருத்து: உங்கள் ஊரிலேயே போடுங்கள். திருச்சூர் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆர்டரை நிறுத்திய கடைக்காரர்கள் எல்லாம் அங்கே. மலையாளம் எந்தத் தடையுமில்லாமல் நீதிபதிக்கே புரியும். ஜெயித்த பிறகு பணத்தை வசூலிக்க வேண்டியதும் அவர் சொத்து இருக்கும் அங்கேதான். இங்கே டிகிரி (தீர்ப்பின்படி வரும் நீதிமன்ற ஆணை) வாங்கினால், அதை நிறைவேற்ற திருச்சூர் நீதிமன்றத்துக்கு மாற்றி அனுப்பச் சொல்லி ஒரு மனுப் போட வேண்டும். அங்குள்ள நீதிமன்றம் தீர்ப்பு சரியா தவறா என்று தோண்டாது, நிறைவேற்றுவதோடு சரி. பண டிகிரியை நிறைவேற்ற பன்னிரண்டு வருஷம் அவகாசம் உண்டு. கூடுதலாக ஒரு படி ஏற வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பயந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் மதுரை மாறித் திருச்சூர் போய்வருவது என்றால், சீசன் நேரத்தில் கடையை யார் பார்ப்பது? அவதூறு வழக்கில் வாதி கூண்டேறாமல் முடியாது. அலைச்சல் தாங்காமல் பாதியில் விட்ட வாதிகளை இந்தத் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறேன். கேரளக் கடைக்காரர்களின் சாட்சியைக் காணொலி மூலமோ, நீதிமன்றம் நியமிக்கும் ஆணையர் மூலமோ பதிவு செய்யக் கேட்கலாம்.

ஒரே ஒரு நிலைமையில் என் யோசனையை மாற்றிக்கொள்வேன். தேடிப் பார்த்தும் இந்த மாவட்டத்தில் அந்த மலையாள வீடியோவைப் பார்த்துப் புரிந்துகொண்ட ஒரு வெளியாள்கூடக் கிடைக்கவில்லை என்றால் திருச்சூருக்கே போங்கள். தப்பான நீதிமன்றத்தில் போட்டால் மனுவைத் திருப்பிக் கொடுப்பார்கள், சரியான இடத்தில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நல்லெண்ணத்தோடும் அக்கறையோடும் நடத்தியிருந்தால் அங்கே செலவான காலத்தைக் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் ஒரு வருஷக் காலவரம்பின் விளிம்பில் நின்றுகொண்டு அந்தச் சலுகையை நம்புவது ஆபத்து.

இங்கே போடும்போது அவருடைய முகவரியில் கவனமாக இருங்கள். ஜிஎஸ்டி பில்லில் உள்ள கடை முகவரி, வீட்டு முகவரி இரண்டையும் கொடுங்கள். அரைகுறை முகவரிக்குச் சம்மன் போய், அவர் வராமல், ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வாங்கினால் சந்தோஷமாகத்தான் இருக்கும். சம்மனே வரவில்லை என்று அவர் பிற்பாடு வந்து அதை ரத்து செய்யக் கேட்பார், நீங்கள் பழைய இடத்துக்கே வந்துவிடுவீர்கள். அவர் வந்து "இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை" என்று சொன்னால் பதற வேண்டாம். அதை அவர் ஆரம்பத்திலேயே சொல்லியாக வேண்டும். மேல்முறையீட்டில் திடீரென்று எடுத்தால் எளிதில் எடுபடாது.

பணத்தைவிட உங்களுக்கு அவசரம் அந்த வீடியோ போவது. பேஸ்புக், யூடியூப் இரண்டிலும் குறைதீர்க்கும் அலுவலருக்கு இன்றைக்கே புகார் அனுப்பிவையுங்கள். பெரிய நம்பிக்கை வேண்டாம். நீதிமன்றமோ அரசோ உத்தரவிட்டால்தான் நீக்கியாக வேண்டும் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்துக்கு உச்ச நீதிமன்றம் 2015-இல் விளக்கம் கொடுத்துவிட்டது. வெறும் புகாருக்கு அவர்கள் அசைவது அபூர்வம். ஆகவே வழக்கோடு சேர்த்து இடைக்காலத் தடை மனுவும் போட வேண்டும். அதுவும் போட்டவுடன் கிடைத்துவிடாது. விசாரணைக்கு முன்பே ஒரு வெளியீட்டைத் தடுப்பதில் மிகுந்த கவனம் வேண்டும் என்று 2024 மார்ச்சில் ஒரு பத்திரிகை நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. நீதிபதி உங்களிடம் முதலில் கேட்கப்போவது, அவர் சொன்னது அப்பட்டமான பொய் என்று காட்ட என்ன வைத்திருக்கிறீர்கள் என்பதைத்தான்.

பார்மலின் விஷயத்துக்கு இங்கேதான் வருகிறேன். 2018-இல் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை 'ஆபரேஷன் சாகர் ராணி' என்று சோதனை நடத்தி, எல்லைச் சோதனைச் சாவடிகளில் பார்மலின் கலந்த மீனைப் பிடித்தது. அதிலிருந்து அந்த ஊரில் "தமிழ்நாட்டுச் சரக்கு, பார்மலின்" என்ற இரண்டு வார்த்தையைச் சேர்த்துச் சொன்னாலே ஜனங்கள் கையை எடுத்துவிடுகிறார்கள். அவருக்கும் இது தெரிந்துதான் பேசியிருப்பார். தடை மனுவில் அப்படிக் கேட்டாலும், சிவில் வழக்கின் முழு விசாரணையில் அவர் சொன்னது பொய் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை, உண்மை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். உண்மை என்று நிரூபித்துவிட்டால் வழக்கு அதோடு தீர்ந்தது. ஆகவே மனசாட்சியோடு ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நீங்கள் காயப்போட்டதைத் தவிர, வெளியே வாங்கி உங்கள் பையில் அடைத்து அனுப்பிய சரக்கு ஏதாவது உண்டா? உண்டென்றால் வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமம், பழைய பரிசோதனை அறிக்கைகள் இருந்தால் எடுத்துவையுங்கள். இன்றைக்குச் சரக்கைப் பரிசோதனைக்குக் கொடுப்பது நல்லதுதான், ஆனால் அது போன வருஷத்துச் சரக்கைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அவர் கையில் ஏதாவது ஆய்வக அறிக்கை இருக்கிறதா என்று நோட்டீஸிலேயே கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் பதில் மௌனமாகத்தான் இருக்கும், அந்த மௌனம் இடைக்காலத் தடைக்கு உதவும்.

ஆதாரம் சேர்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். நோட்டீஸ் போன மறுநாளே அவர் வீடியோவை எடுத்துவிடலாம். அதற்கு முன்னால் இரண்டு வீடியோவையும் இறக்கி வையுங்கள். இணைய முகவரி, தேதி, பார்த்தவர்கள் எண்ணிக்கை தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவுப்படி மின்னணு ஆதாரத்துக்குச் சான்று வேண்டும், அதில் ஒரு பகுதியை நிபுணர் ஒருவர் கையெழுத்திட வேண்டும். கோப்பின் ஹாஷ் எண்ணையும் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் அடையாள எண்) குறிக்க வேண்டும். ஸ்டூடியோவில் சிடி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தால் போதும் என்ற காலம் போய்விட்டது. ஆர்டரை ரத்து செய்த கேரளக் கடைக்காரர்களின் செய்திகள் உள்ள போனை மாற்றவோ விற்கவோ வேண்டாம்.

மாமா சொன்ன கிரிமினல் கேஸ். புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவில் அவதூறு இன்னும் குற்றம்தான். இரண்டு வருஷம் வரை வெறுங்காவல், அபராதம், அல்லது சமூக சேவை. போலீஸில் மனுக் கொடுத்தால் எஃப்.ஐ.ஆர். ஆகாது, நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில் தனிப் புகார் தர வேண்டும். விளைவு இங்கே ஏற்பட்டதால் இங்கேயே தரலாம், காலமும் மூன்று வருஷம் இருக்கிறது. ஆனால் எதிரி நீதிமன்ற எல்லைக்கு வெளியே இருப்பதால் சம்மனுக்கு முன் நடுவர் விசாரித்துப் பார்த்தாக வேண்டும். புதிய நடைமுறைப்படி, வழக்கைக் கோப்பில் எடுப்பதற்கு முன்பே எதிரிக்கும் வாய்ப்புத் தர வேண்டும். அதன் பிறகு அவர் மதுரைக் கிளைக்குப் போய் ரத்து கேட்பார். அவரை அலையவிடப் போட்ட வழக்கில் நீங்களும் கூடவே அலைவீர்கள். வீடியோவும் அதனால் போகாது. காலம் மீதி இருப்பதால் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள், சிவில் வழக்கு எப்படிப் போகிறது என்று பார்த்து முடிவு செய்யலாம்.

உங்களுக்கு வர வேண்டிய பாக்கியையும் இதோடு கலக்காதீர்கள். சரக்கு விற்ற பணத்துக்குக் காலவரம்பு மூன்று வருஷம். அதற்கான இடமும் ஆதாரமும் வேறு. ஒவ்வொரு பில்லின் தேதியையும் பார்த்து, பழைய பில் எதுவும் காலம் கடந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பதில் வீடியோ. தம்பி கோபத்தில் இருப்பார், போனை அவர் கையில் கொடுக்காதீர்கள். "அந்த ஆள் பணத்தை ஏப்பம் விட்ட திருடன்" என்று தம்பி ஒரு வார்த்தை விட்டால் போதும், அதே 19-ஆவது பிரிவை வைத்து அந்த வியாபாரி உங்கள் மீது திருச்சூரில் வழக்குப் போடுவார். அப்போது அங்கே போய்த்தான் ஆக வேண்டும். போட வேண்டும் என்றால் நீங்கள் பேசுங்கள். மீனை எங்கே வாங்குகிறீர்கள், எப்படிக் கழுவி உப்புப் போடுகிறீர்கள், எங்கே காயவைக்கிறீர்கள் என்று காட்டுங்கள். உரிமத்தையும் பரிசோதனை அறிக்கையையும் காட்டுங்கள். அவர் பெயரையோ, அவர் வீடியோவையோ குறிப்பிட வேண்டாம். மலையாளம் தெரிந்த யாரையாவது வைத்து மலையாளத்திலும் ஒன்று போடுங்கள், உங்கள் வாடிக்கையாளர்கள் அங்கேதானே இருக்கிறார்கள். ஏற்றுவதற்கு முன் வக்கீலிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.